மகளின் மூன்றாவது தெரிவு

அன்று எங்கள் வீட்டு முன் அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். நான், என் கணவர், எங்கள் மகள். கணவரின் அண்ணன், அவரை நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். அவருடைய மனைவி, எனக்கு அக்கா முறை. அவர்களுடைய ஒரே மகன், காதுக்குள் வயரைச் செருகிப் போனில் பாட்டுக் கேட்டபடி. ஏழாவது ஆள் இல்லை.

இப்படி எண்ணி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அன்று மேசையில் என்ன கதைக்கப்பட்டது என்று பிறகு கேட்டபோது, பெரியத்தான் தான் அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்றார். அக்கா, தான் அந்த நேரம் குசினியில் நின்றதாகச் சொன்னார். அக்கா எங்கள் குசினிக்குள் ஒருநாளும் வந்ததில்லை. தேத்தண்ணீரை நான்தான் தட்டில் வைத்துக் கொண்டுவந்தேன். சீனி காணாது, இன்னும் கொஞ்சம் போடு என்று சொன்னவர் அவர். கதிரையில் இருந்தபடி சொன்னார்.

பெயர்களை எழுதப்போவதில்லை. திருகோணமலை சின்ன நகரம். ஆளைத் தெரிந்தவர்களுக்குப் பெயர் தேவையில்லை. பெரியத்தானுக்கும் இது எப்படியாவது போய்ச் சேரும், சேரவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் மகளும் பெரியத்தானின் மகனும் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே வருடம், கணிதப் பிரிவில் பல்கலைக்கழகத்துக்கு எடுக்கிற உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். பெரியத்தான் குடும்பம் கொழும்பு ஆட்கள். பெடியன் மட்டும் எங்கள் வீட்டில் நின்று படித்தான். எங்கள் மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி, அதாவது உள்ளே எடுக்கிற ஆகக் குறைந்த புள்ளி, குறைவு. கொழும்பில் இருந்து எழுதினால் பொறியியல் பீடத்துக்குப் போகக் காணாத இசட் புள்ளி, இங்கேயிருந்து எழுதினால் காணும். அதற்காகப் பிள்ளையை வெளி மாவட்டத்தில் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுவந்து விடுகிறவர்கள் பலர். "தங்கச்சி, உங்கட கையால சாப்பிட்டாத்தான் இவன் படிப்பான்" என்று சொல்லிக்கொண்டு பெரியத்தானும் அவனைக் கொண்டுவந்து விட்டார். நானும் அதை நம்பி, வந்த நாளில் நண்டு வாங்கிச் சமைத்தேன்.

பெடியனில் எனக்குக் குறையில்லை. சொன்ன நேரத்துக்கு வருவான், தட்டைக் கழுவி வைப்பான். ஆனால் மாவட்டத்துக்கு ஒதுக்குகிற இடங்களை விரல்விட்டு எண்ணலாம். அந்த இடங்களுக்குத்தான் என் மகளும் படித்தாள் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. பெரியத்தானுக்கு முதல் நாளே உறைத்திருக்கும். அவர் அப்படிப்பட்ட ஆள்.

என் கணவர் சீமெந்துக் கப்பல் வருகிற துறையில் பாரந்தூக்கி ஓட்டுகிறார். மகள் சின்னவளாக இருந்தபோது நானும் அவளும் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோவோம். வேலிக்கு வெளியே நின்று அந்த நீண்ட இரும்புக் கையைப் பார்த்தபடி, "அவ்வளவு பாரத்தத் தூக்கிக்கொண்டு ஏனம்மா அது கடலுக்குள்ள விழேல்ல?" என்று கேட்பாள். எனக்குத் தெரியாது. கணவரைக் கேட்டால், "விழுந்தா எனக்குச் சம்பளமில்லை, அதால விழாது" என்பார். அவளுக்கு அது பதிலாகத் தெரியவில்லை. பத்தாம் வகுப்பில் இருந்தே இஞ்சினியரிங்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வேறு எதையும் அவள் கேட்டதில்லை. புதுச் சட்டைகூட.

பரீட்சை முடிவு வந்தது. மகளுக்கு அவனைவிடப் புள்ளி கூட. பள்ளிக்கூடத்து சேர் என்னை வீதியில் கண்டு ஸ்கூட்டரை நிறுத்தி, "அக்கா, இந்தப் புள்ளிக்கு இஞ்சினியரிங் நிச்சயம் வரும், ஓடரை மட்டும் சரியாப் போடச் சொல்லுங்கோ" என்றார். ஓடர் என்றால் எந்தப் பீடம் முதலாவது, எது இரண்டாவது என்று விண்ணப்பத்தில் போடுகிற வரிசை. சரியாகப் போடவேண்டும் என்றால் பிழையாகவும் போடலாம் என்பதுதானே அர்த்தம்.

நான் பயந்த சுபாவம். காஸ் அடைப்பை மூடினேனா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்பி வருவேன். மாவட்ட அரச அலுவலகமான கச்சேரிக்கும் கோட்டுக்கும் மத்தியானச் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுப்பது என் தொழில். மழை வந்தால் யாரும் வாங்கமாட்டார்கள் என்று பயம். வெயில் அடித்தால் கறி பழுதாகும் என்று பயம். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. சண்டையால் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தோம். திரும்பி வந்தபோது என்னோடு படித்தவர்கள் இரண்டு வகுப்பு மேலே போயிருந்தார்கள். சின்னப் பிள்ளைகளோடு வாங்கில் இருக்க வெட்கப்பட்டு, அம்மாவோடு அடுப்படிக்கு வந்துவிட்டேன். அதனால் விண்ணப்பம், கையேடு, திகதி என்று யாராவது கதைத்தால் எனக்குக் கை வியர்க்கும். கம்பஸுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்கிற அந்தக் கையேடு ஒரு செங்கல் அளவு. மகள் அதை விரித்து வைத்துக்கொண்டு விளங்கப்படுத்தத் தொடங்கினால் நான் எழும்பித் தேங்காய் துருவப் போய்விடுவேன்.

இதெல்லாம் பெரியத்தானுக்குத் தெரியும். "நான் வாறன் தங்கச்சி, ரெண்டு பேருக்கும் நானே போட்டுத் தாறன், நீங்க யோசியாதேங்கோ" என்று போனில் சொன்னார். சனிக்கிழமை லப்டொப்போடு வந்து இறங்கினார்.

மேசையில் லப்டொப்பைத் திறந்தார். மகள் ஒரு தாளில் தன் வரிசையை எழுதி வைத்திருந்தாள். கொழும்புப் பக்கத்துப் பொறியியல் பீடம், கண்டிப் பக்கத்துப் பீடம், வடக்கில் இருக்கிறது, தெற்கில் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் எங்கள் ஊருக்குக் கிட்ட இருக்கிற கம்பஸில் விஞ்ஞானம். பெரியத்தான் தாளைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, இது ஆர் சொல்லித் தந்தது?"

"கையேட்டில இருக்கு பெரியப்பா. விருப்பமான ஓடரில போடட்டாம்."

"கையேட்டில எல்லாத்தையும் எழுதமாட்டினம். உள்ளுக்கு எப்பிடி நடக்குதெண்டு எனக்குத் தெரியும். என்னோட படிச்சவன் ஒருத்தன் அங்கதான் வேலை செய்யிறான்." பிறகு என் பக்கம் திரும்பினார். மகளை விட்டுவிட்டு என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "தங்கச்சி, இது கியூ மாதிரி. பெற்றோல் கியூ நிண்டமே, அது மாதிரித்தான். நீங்க பெரிய கியூவில போய் நிண்டு, உங்கட முறை வரேக்க சாமான் முடிஞ்சுதெண்டு வையுங்கோ. திரும்பிச் சின்னக் கியூவுக்கு வந்தா என்ன நடக்கும்?"

"அதுவும் முடிஞ்சிருக்கும்" என்றேன்.

"பாத்தீங்களா? தங்கச்சிக்கு ஒருக்காச் சொன்னாலே விளங்கும்."

விளங்கியது. எனக்கு இதைவிட நன்றாக விளங்கக்கூடிய விஷயம் உலகத்தில் இல்லை. முகாமில் நிவாரணம் கொடுக்கும்போது ஒரு பக்கம் மீன் ரின்னுக்கு, அதாவது தகரத்தில் அடைத்த மீனுக்கு, வரிசை, மற்றப் பக்கம் பருப்புக்கு வரிசை. ஒருநாள் அம்மா ஆசைப்பட்டு என்னை மீன் ரின் வரிசையில் விட்டார். எனக்கு முன்னால் நின்ற மனிசியோடு பெட்டி வெறுமையாகிவிட்டது. பருப்புப் பக்கம் ஓடினேன். சாக்கை உதறிக்கொண்டிருந்தார்கள். அன்று வெறும் சோறு. முகாமில் இருந்த எவரும் இந்தப் பாடத்தை மறக்கமாட்டார்கள். நிச்சயமாகக் கிடைக்கிற வரிசையில் போய் நில். பெரியத்தான் அந்த முகாமில் இருந்ததில்லை, அந்தக் காலத்தில் அவர் கொழும்பில். ஆனால் மீன் ரின் கதை அவருக்குத் தெரியும். நான்தான் ஒரு நத்தார்ப் பண்டிகைக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்னேன்.

"அப்ப கிட்ட இருக்கிற கம்பஸை முதல்ல போடுவமா?" என்று கேட்டேன்.

மகள், "அம்மா, அப்பிடி இல்லையம்மா. கியூ இல்லை. கொம்பியூட்டர் எல்லாத்தையும் சேத்துத்தான் பாக்கும்" என்றாள்.

"கொம்பியூட்டரை ஓட்டுறது மனிசர்தானே பிள்ளை" என்றார் பெரியத்தான்.

அக்கா, "பொம்பிளைப் பிள்ளை. வீட்டுச் சாப்பாட்டோட படிச்சிட்டுப் போகட்டுமன்" என்றார். சீனி காணாது என்று சொன்னதற்கு அடுத்ததாக அவர் வாயில் இருந்து வந்தது இதுதான்.

மகள் தகப்பனைப் பார்த்தாள். அவர் அண்ணனைப் பார்த்தார். நான் அழத் தொடங்கினேன். "ஒண்டும் கிடைக்காமப் போனா நான் என்ன செய்வன்" என்று கேட்டுக்கொண்டு அழுதேன். மகளுக்கு என் அழுகையைத் தாங்க ஏலாது. "சரி, போடுங்கோ பெரியப்பா" என்றாள். அவர் போட்டார். முதலாவது, கிட்ட இருக்கிற கம்பஸில் விஞ்ஞானம். பொறியியல் எல்லாம் அதற்குக் கீழே. ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, "முடிஞ்சுது" என்று கையைத் தட்டினார். தன் மகனுடையதை ஏற்கெனவே கொழும்பில் இருந்து போட்டுவிட்டதாகச் சொன்னார்.

போகும்போது அவருக்குக் கருவாடும் பனங்கிழங்கும் கட்டிக் கொடுத்தேன். இதை நினைத்தால் இன்றைக்கும் என் கையை நானே கடிக்கலாம் போலிருக்கும்.

விண்ணப்பத்தின் கடைசித் திகதி போய் இரண்டு கிழமை இருக்கும். பெடியன் கொழும்புக்குத் திரும்பப் போவதற்காகச் சாமான் அடுக்கிவிட்டுக் குசினியில் வந்து இருந்து சாப்பிட்டான். நான் பாரைக் குழம்பு விட்டபடி, சும்மா கதைக்கத்தான் கேட்டேன்.

"நீயும் கிட்ட இருக்கிறதைத்தானே அப்பு முதல்ல போட்டனீ? அப்ப திரும்ப இஞ்சதான் வருவாய்."

"இல்லைச் சித்தி. எனக்கு முதல் நாலும் இஞ்சினியரிங். இது அஞ்சாவது."

"அது கிடைக்காட்டி?"

"கிடைக்காட்டி அடுத்தது. அதுவும் இல்லாட்டி அதுக்கடுத்தது. பெரிசை மேல போட்டா நட்டமில்லை எண்டுதானே அப்பா சொன்னவர்." ஒரு கவளத்தை உருட்டி வாயில் போட்டான். "ஏன் சித்தி, தங்கச்சி அப்பிடிப் போடேல்லையா?"

அவன் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தேன். பிள்ளையில் என்ன பிழை?

அவன் பஸ் ஏறினவுடன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சேரிடம் கேட்டேன். அவர் முதலில் சிரித்தார், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். "ஆரக்கா உங்களுக்குக் கியூ எண்டு சொன்னது? புள்ளி காணுமெண்டா மேல இருக்கிறதைத் தருவாங்கள். காணாதெண்டா கீழ வருவாங்கள். மேல போட்டதால கீழ உள்ளது ஒருநாளும் போகாது. இப்ப, முதலாவதாப் போட்டது கிடைச்சா அதுக்குக் கீழ ஒண்டையும் பாக்கவே மாட்டாங்கள்." மாற்றலாமா என்று கேட்டேன். திகதி முடிந்துவிட்டது என்றார்.

வரும் வழியில் தபால் கந்தோருக்குப் பக்கத்தில் நின்றுவிட்டேன். குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டு, எங்கள் ஊர் வீதிகளில் திரிகிற மான்களில் ஒன்று சோற்றுப் பேப்பரைத் தின்றுகொண்டிருந்தது. என்னுடைய பார்சல் பேப்பராகவும் இருக்கலாம். எனக்குப் பயம் வரவில்லை. அதுதான் புதினம். நெஞ்சு இடிக்கவில்லை, கை வியர்க்கவில்லை. அந்த இடத்தில் வேறொன்று வந்து குந்தியிருந்தது. அது நன்றாகவும் இருந்தது.

கணவரிடம் சொன்னேன். "அண்ணை தெரியாமச் சொல்லியிருப்பார்" என்றார்.

"தெரியாட்டி தன்ர மகனுக்கும் அப்பிடித்தானே போட்டிருப்பார்?"

அவர் சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனார். அவருக்கு வெளியே வேலை ஒன்றும் இருக்கவில்லை.

மகள் அழவில்லை. சேரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து, வருகிற பரீட்சையை இன்னொரு தரம் எழுதப்போவதாகச் சொன்னாள். கிடைக்கிற கம்பஸில் பதியாமல் விட்டால் இரண்டாம் முறை வருகிற புள்ளிக்கு விண்ணப்பிக்கலாம். பதிந்தால் ஏலாது. பரீட்சைக்குச் சில மாதங்கள்தான் இருந்தன. மூன்று பாடத்துக்கும் ரியூசன் வேண்டும். எங்களிடம் காசு இல்லை. காசு யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்குப் பெரியத்தான் குடும்பம் ஒவ்வொரு வருடமும் கொழும்பில் இருந்து வரும். திருவிழாப் பூசை முடிந்து மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். அந்த வருடம் நான் பங்குப் பாதரையும் கூப்பிட்டேன். பெரியத்தானுக்குப் பக்கத்துக் கதிரையில் பாதரை இருத்தினேன். கோழி, இறால், கத்தரிக்காய்ப் பால் கறி, அப்பளம், எல்லாம் செய்தேன். அவ்வளவு கவனமாக நான் ஒருநாளும் சமைத்ததில்லை.

பெரியத்தான் எதிர்பார்த்தபடியே தொடங்கினார். "எங்கட குடும்பத்தில இந்த முறை ரெண்டு பேர் கம்பஸ் பாதர். ரெண்டு பேருக்கும் நான்தான் அப்ளிகேசன் போட்டுக் குடுத்தனான்."

"ஓம் பாதர்" என்றேன் நான், இறாலை அவர் தட்டில் போட்டபடி. "பெரியத்தான் இல்லாட்டி எங்களுக்கு ஒண்டும் தெரியாது. நான் படிக்காதவள்தானே. பிள்ளை இன்னொருக்காச் சோதினை எழுதப்போறா. ரியூசனுக்குப் பெரியத்தானிட்ட ஒரு கைமாத்துக் கேக்கலாமெண்டு இருக்கிறன்."

"இன்னொருக்காவா?" பெரியத்தான் திரும்பினார். "ஏன் தங்கச்சி? போட்டது கட்டாயம் கிடைக்குமே."

"கிடைக்கும் பெரியத்தான். நீங்க போட்டது கட்டாயம் கிடைக்கும். அதுதான் எழுதப்போறா."

அவர் முகத்தில் ஒன்று ஓடி மறைந்தது. மேசையில் அதைப் பார்த்தது நானும் மகளும்தான். பாதர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "படிக்க ஆசைப்படுற பிள்ளைக்குக் குடுக்கிறது நல்ல காரியம்" என்றார். பாதர் வாய் திறந்த பிறகு பெரியத்தானுக்கு வழியில்லை.

"எவ்வளவு தேவை தங்கச்சி?"

தொகையைச் சொன்னேன். அக்காவின் கை சோற்றுக்குள் நின்றது.

"அதுக்கென்ன, அனுப்பிவிடுறன்" என்றார் பெரியத்தான். பாதர் அவரை ஆசீர்வதித்தார். நான் இன்னும் கொஞ்சம் இறால் போட்டேன்.

பாத்திரம் கழுவும்போது கணவர் வந்தார். "நீர் என்ன, ஆக்களுக்கு முன்னால வச்சே காசு கேக்கிறது?"

"ஆக்கள் இல்லாட்டி உங்கட அண்ணன் தருவாரோ?"

யோசித்தார். "தரமாட்டார்" என்றார். அந்தச் சம்பவத்தில் என் கணவர் என் பக்கம் நின்றது அந்த ஒரு சொல்லில்தான்.

காசு அடுத்த கிழமை வங்கியில் விழுந்தது. மகள் விடிய எழும்பிப் படித்தாள், பின்னேரம் ரியூசனுக்குப் போனாள். பரீட்சைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது வெட்டுப்புள்ளி வந்தது. எல்லாம் சேர் சொன்ன மாதிரியே. மகளுக்குக் கிட்ட இருக்கிற கம்பஸ். பெடியனுக்குக் கண்டிப் பக்கத்துப் பொறியியல் பீடம், எங்கள் மாவட்டத்துக் கணக்கில். என் மகளைவிடக் குறைந்த புள்ளியில்.

அப்போதுதான் பழைய பயம் திரும்ப வந்தது. குறிப்பிட்ட திகதிக்குள் பதியவேண்டும். பதிந்தால் இஞ்சினியரிங் இந்தப் பிறவியில் இல்லை. பதியாமல் விட்டு, பரீட்சையில் புள்ளி குறைந்தால் கையில் ஒன்றும் இல்லை. மீன் ரின்னும் இல்லை, பருப்பும் இல்லை. மகள் பதியமாட்டேன் என்றாள். நான் அவளுக்குத் தெரியாமல் பதிவுக் காசை எடுத்து அலுமாரியில் தனியாக வைத்தேன். அவளைக் கெஞ்சிச் சம்மதிக்கவைக்கலாம், அல்லது இன்னொரு தரம் அழலாம் என்று யோசித்தேன். என் அழுகை வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும்.

திகதிக்கு முதல் நாள் பெரியத்தான் போன் எடுத்தார்.

"தங்கச்சி, பிள்ளை இன்னும் பதியேல்லையாம். தம்பி சொன்னான். கைக்கு வந்ததை விடாதேங்கோ."

"கியூ எண்டு சொன்னீங்களே பெரியத்தான். உங்கட மகன் பெரிய கியூவில எப்பிடி நிண்டவன்?"

"என்ன கியூ? நான் அப்பிடி ஒரு கதை கதைக்கவே இல்லை."

"ஆறு பேர் இருந்தம்."

போன் கை மாறியது. அக்கா வந்தார். "நான் அந்த நேரம் குசினிக்குள்ள நிண்டனான், எனக்கொண்டும் தெரியாது" என்றார், நான் கேட்காமலே. பெரியத்தான் திரும்ப வாங்கினார்.

"நடந்ததை விடுங்கோ. நான் நல்லதுக்குத்தான் சொல்லுறன். பதிஞ்சுபோட்டுப் பேசாம இருங்கோ. பிள்ளையின்ர வாழ்க்கையோட விளையாடாதேங்கோ."

இவர் வேறு எதைச் சொல்லியிருந்தாலும், அல்லது போன் எடுக்காமலே இருந்திருந்தாலும், நான் அடுத்த நாள் காலை மகளின் காலில் விழுந்தாவது பதியவைத்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும். ஆனால் அவர் பதியச் சொன்னார். இந்த மனிதர் சொல்லி நான் ஒருதரம் செய்துவிட்டேன். இரண்டாம் தரம் செய்வதைவிட என் பிள்ளை என்னோடு சேர்ந்து பார்சல் கட்டுவது பரவாயில்லை என்று தோன்றியது. போனை வைத்துவிட்டு அலுமாரியைத் திறந்து பதிவுக் காசை எடுத்தேன். சந்தைக்குப் போய் அரிசி வாங்கினேன். திரும்ப எடுக்க ஏலாத மாதிரிச் செலவழித்தேன்.

மகளிடம், "பதியாத" என்றேன்.

அவள் புத்தகத்தில் இருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். "அம்மா, உங்களுக்குக் காய்ச்சலோ?" என்றாள்.

திகதி போனது. கணவர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. நான் அதையும் பெரியத்தானின் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

பரீட்சை எழுதினாள். முடிவு வரும்வரை நான் பட்ட பாட்டைச் சொல்லத் தேவையில்லை. கறிக்கு உப்பை இரண்டு தரம் போட்டேன், சில நாள் போடவே இல்லை. கோட்டில் வேலை செய்கிற ஒரு ஐயா, "தங்கச்சி, உங்கட மகளின்ர ரிசல்ட் வந்தாத்தான் எங்களுக்கு வாய்க்கு ருசியா ஒரு சோறு கிடைக்கும் போல" என்றார். அந்த நாட்களில்தான் பெரியத்தான் முதன்முதலாகக் காசைப் பற்றி ஜாடை காட்டினார். கொழும்பில் செலவு கூடிப்போயிற்றாம். நான், "தாறன் பெரியத்தான். சில்லறைக் கடன் கொஞ்சம் இருக்கு. முதல்ல அந்தச் சின்னக் கியூ முடியட்டும்" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். அன்றைக்குக் கறியில் உப்பு சரியாக இருந்தது.

முடிவு வந்தது. புள்ளி முதல் முறையைவிடக் கொஞ்சம் கூட. இம்முறை மகள் தன் கையால், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள கொமினிகேசன் கடையில் இருந்து விண்ணப்பத்தைப் போட்டாள். நான் பின்னால் ஸ்டூலில் இருந்தேன். முதலாவது கொழும்புப் பக்கம், இரண்டாவது கண்டிப் பக்கம், மூன்றாவது வடக்கு, நான்காவது தெற்கு. எல்லாம் இஞ்சினியரிங். கிட்ட இருக்கிறதைக் கீழே போட்டாள். அவள் பொத்தானை அழுத்தும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் வாயையும் மூடிக்கொண்டேன். அதை நான் செய்த பெரிய காரியம் என்று நினைக்கிறேன்.

அந்த வருடம் வெட்டுப்புள்ளி ஏறிவிட்டது. முதலாவது கிடைக்கவில்லை. இரண்டாவதும் கிடைக்கவில்லை. மூன்றாவது கிடைத்தது. வடக்கில் இருக்கிற பொறியியல் பீடம். மேலே இரண்டு வரிசையில் நின்று சாமான் இல்லை என்று வந்தவளுக்கு மூன்றாவது வரிசை திறந்துதான் இருந்தது. மகள் குசினிக்குள் வந்து சொன்னபோது, அகப்பையோடு சேர்த்து அவளைக் கட்டிப்பிடித்தேன். அவள் சட்டை முழுக்கச் சொதி.

முதல் தரமே சரியாகப் போட்டிருந்தால் அவள் கண்டிப் பக்கம் போயிருப்பாள், ஒரு வருடமும் வீணாகியிருக்காது. மகள் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. "கிடைச்சிட்டுத்தானே அம்மா, விடுங்கோவன்" என்பாள். அவள் விடலாம். அவளுக்குப் படிக்கிற வேலை இருக்கிறது. நான் விடவில்லை.

அவள் விடுதிக்குப் போவதற்கு முதல் ஞாயிறு, பெரியத்தான் என் கணவருக்குப் போன் எடுத்துச் சந்தோசம் சொன்னாராம். கணவர் முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தார்.

"அண்ணை அந்தக் காசைத் திருப்பித் தரவேண்டாமாம். பிள்ளைக்குத் தன்ர அன்பளிப்பா வச்சிருக்கட்டாம். பாத்தீரா? நீர்தான் அவரைப் பற்றி..."

நான் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தேன். உடனே விளங்கியது. பெற்றோல் கியூ அளவுக்கு விளங்கியது. இனிக் கலியாண வீட்டில், செத்த வீட்டில், அடுத்த திருவிழாவில், பாதருக்குப் பக்கத்தில் இருந்து இந்த மனிதர் சொல்லப்போவது எனக்குக் காதில் கேட்டது: தம்பியின்ர மகளை இஞ்சினியர் ஆக்கினது நான்தான், என்ர காசில்தான் படிச்சவ. அவளிடம் இருந்து எடுத்த வருடத்துக்கு அவரே தனக்கு ஒரு மாலை வாங்கிப் போட்டுக்கொள்ளப் பார்க்கிறார்.

"அன்பளிப்பு வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. அது கடன்" என்றேன்.

"உமக்கு விசரா? சும்மா தாறார் எண்டு சொல்லுறன்."

"நான் சும்மா வாங்கமாட்டன்."

அதுவரை அந்தக் காசைத் திருப்பிக் கொடுக்கிற எண்ணம் எனக்கு இருக்கவில்லை. இதை மறைக்க ஒன்றுமில்லை. அவருடைய காசை விழுங்கிவிட்டு இருப்பதுதான் என் திட்டம். ஆனால் அவர் மன்னித்துவிட்டால் விழுங்குவதில் என்ன இருக்கிறது? திங்கட்கிழமை பார்சல் விற்ற காசில் ஐந்நூறு ரூபாயை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். வரிசையில் நின்று அவர் கணக்கில் போட்டேன். வங்கியில் தந்த ரசீதுத் துண்டைப் படம் எடுத்து மகளின் போனில் இருந்து அவருக்கு அனுப்பச் சொன்னேன். "என்னெண்டு எழுத அம்மா?" என்று கேட்டாள். "பெரியத்தான், உங்கட கடனில கழிச்சுக்கொள்ளுங்கோ எண்டு எழுது" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு எழுதினாள்.

பத்து நிமிடத்தில் போன் வந்தது. நான் எடுக்கவில்லை. இரண்டாம் தரமும் வந்தது. என் கணவர், "எடுமன்" என்றார். எடுக்கவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

அது முதலாவது துண்டு. இனி அவசரமில்லை. கையில் மிஞ்சுகிறபோது ஐந்நூறு, சில வேளை இருநூறு. ஒவ்வொரு தரமும் துண்டு போகும். ஒவ்வொரு துண்டையும் பார்க்கும்போது அந்தக் காசு எதற்காக வாங்கப்பட்டது என்று அவர் நினைக்கவேண்டும். அவர் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல நான் போடுவேன். மகளின் சம்பளத்தில் ஒரு சதம் இதற்குள் வராது. இது எனக்கும் அவருக்கும் உள்ள கணக்கு.

வாங்கியது ஒன்றரை லட்சம். இன்றைக்கு, இதை எழுதுகிற நேரத்தில், பெரியத்தானுக்கு நான் இன்னும் கொடுக்கவேண்டியது ஒரு லட்சத்து நாற்பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய்.